பெயின்ற் கடைசியில்: ஒரு மொறிஸ் மைனரைத் தெருவுக்குக் கொண்டுவந்த கணக்கு

1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. நாலு கதவு, 948 சி.சி. எஞ்சின், கறுப்பு நிறம், ஸ்ரீ இலக்கம். 2022இல் யாழ்ப்பாணத்தில் வாங்கினேன். மெக்கானிக் அண்ணை சொன்ன கணக்கு ஆறு மாதம், ஐந்து இலட்சம் ரூபா. முடிந்தபோது இருபத்திரண்டு மாதமும், வாங்கின காசு நீங்கலாகப் பதினேழு இலட்சமும் போயிருந்தன. அதில் நாலு இலட்சத்துக்குக் கிட்ட வெறும் வீண். பிந்திச் செய்யவேண்டிய வேலையை முந்திச் செய்ததால் மட்டும் போன காசு அது. வாங்கின அன்றைக்கே யாராவது ஒருவர் அந்த வரிசையைச் சொல்லித் தந்திருக்கக்கூடாதா என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை. அதனால்தான் அளவு, இலக்கம் எல்லாம் சேர்த்து இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தில், பெரும்பாலும் ஒக்ஸ்போட்டுக்குப் பக்கத்திலுள்ள கௌலித் தொழிற்சாலையில், 1948இலிருந்து 1971 வரை ஏறக்குறைய பதினாறு இலட்சம் மொறிஸ் மைனர்கள் செய்தார்கள். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியைத் தந்தவரும் அவர்தான். எஞ்சின் எளிமையானது, உதிரிப்பாகம் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் வாங்குகிற பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தக் காருக்குத் தனிச் சசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. தளத்தகடு, பக்கச் சில் (கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி), குறுக்குப் பெட்டி, முன்னால் நீளும் இரண்டு கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி போடியே சசியாக நிற்கிறது. ஆகவே கறள் இதற்குத் தோல் வியாதி இல்லை, எலும்பு வியாதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய கார்களுக்கும் விலை ஏறியது. வளவுக்குள் கறளேறிக் கிடந்ததெல்லாம் கற்றலோய் (ஓட்டையை மூடிப் பூசும் பசை) பூசி, பளபளவென்று விற்பனைக்கு வந்தது. நான் வாங்கினதும் அப்படியான ஒன்று.

முதலில் புத்தகம். பதிவுப் புத்தகத்திலுள்ள சசி இலக்கத்தைக் காரில் அடித்திருக்கும் தகட்டோடு நேரில் ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் பாருங்கள். தகடு எஞ்சின் புளொக்கின் பக்கத்திலேயே இருக்கும். 948 சி.சி. எஞ்சினுக்கு 9எம் என்றும், 1962க்குப் பிறகு வந்த 1098 சி.சி.க்கு 10எம்ஏ என்றும் தொடங்கும். அந்த முன்னெழுத்துகளில் கடைசியாக எச் வந்தால் அதிக அழுத்தம், எல் வந்தால் குறைந்த அழுத்தம். எங்கள் பக்கத்துக் கார்களில் யுத்தகாலத்தில் எஞ்சின் மாறினது நிறைய, புத்தகத்தில் ஏறாமலே. சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, ஓப்பன் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமலே, நாலு கை மாறின காரும் நிறைய. புத்தகத்தில் பெயருள்ளவரின் கையெழுத்து கிடைக்குமா என்பதை முற்பணம் கொடுக்க முன்னம் தீர்த்துவிடுங்கள். எனக்கு எஞ்சின் இலக்கம் பொருந்தவில்லை, அதைச் சரிசெய்ய மட்டும் ஐந்து மாதம் போனது. அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டபடியால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

அடுத்தது கறள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிவிளிம்பு, மட்கார்டின் பின்பக்கம், சில் ஓரம் எங்கும் வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே கற்றலோய். பிறகு காரை உயர்த்தி, தடித்த ஸ்குறூ டிறைவரால் அடியில் குத்திப் பார்க்கவேண்டும். விற்கிறவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. குத்தவேண்டிய இடங்கள்: முன் இருக்கைகளின் கீழே குறுக்காக ஓடும் பெட்டியின் இரு முனைகள், யக் வைக்கும் இடங்கள், பின் வில்லுத்தகடுகள் பூட்டும் தாங்கிகள், பக்கச் சில்லின் உட்பக்கத் தகடு, எஞ்சினின் இருபுறமும் ஓடும் கால்கள். குறுக்குப் பெட்டிதான் ஆகப் பெரிய விஷயம். முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை அதில்தான் பூட்டியிருக்கிறது. கடற்காற்றுப் படுகிற எங்கள் ஊர்களில் அது வெளியே பெயின்றும் உள்ளே பொடியுமாக இருக்கும். என் காரில் இடப்பக்க முனைக்குள் ஸ்குறூ டிறைவர் பிடிவரை போனது. அதைக் கண்டது வாங்கி ஏழு மாதம் கழித்து, பெயின்ற் அடித்து முடித்த பிறகு.

பெயின்ற் அடித்தது 2.4 இலட்சம். "தம்பி, அடியில கொஞ்சம் ஒட்டுப் போட்டால் காணும், உதெல்லாம் கழட்டத் தேவையில்லை" என்று மெக்கானிக் அண்ணை சொன்ன சொல்லை நம்பினேன். கார் மினுங்கினதைப் பார்த்த ஆசையில் நானும் கேள்வி கேட்கவில்லை. குறுக்குப் பெட்டியையும் இரண்டு பக்கச் சில்லையும் வெட்டி எடுத்தபோது, வெல்டிங் சூட்டில் கதவடியும் மட்கார்டும் கொப்பளித்து முழுப் பெயின்றும் பாழ். அன்றைக்கு இரவு சாப்பிட மனமில்லை. கராஜ் பக்கம் மூன்று கிழமை போகவே இல்லை.

வெல்டிங் செய்கிற ஒழுங்கு இதுதான். முதலில் பற்றறியைக் கழற்றுங்கள். டிக்கித் தளத்தோடு பூட்டியிருக்கும் பெற்றோல் தாங்கியை இறக்கி கராஜுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். வெறுந்தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்து, ஆவிதான் வெடிப்பது. கதவுகள் மாட்டியிருக்கும்போதே இடைவெளியை மேலும் கீழும் அளந்து போடியிலேயே எழுதிவையுங்கள். பிறகு கதவைக் கழற்றி, கீல்தூணிலிருந்து பூட்டுத்தூணுக்கு 25 மி.மீ. பெட்டிக் கம்பி ஒன்றைக் குறுக்காக ஒட்டுங்கள். இது இல்லாமல் பக்கச் சில்லை வெட்டினால் போடி நடுவில் தொய்யும், பிறகு கதவு சாத்தாது. ஒரு பக்கம் முழுதாக முடித்துத்தான் மற்றப் பக்கம் தொடவேண்டும். முதலில் குறுக்குப் பெட்டியும் கால்களும், பிறகு பக்கச் சில்லின் உட்தகடு, பிறகு தளம், கடைசியில் வெளித்தகடு. ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டிச் சாத்திப் பாருங்கள். கால்களுக்கு 2 மி.மீ. தகடு, தளத்துக்கும் பக்கச் சில்லுக்கும் 1 மி.மீ. தகடு போதும். கறள் தகட்டுக்கு மேலே புதுத்தகடு வைத்து ஒட்டவே விடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்று இரண்டு மாரியில் மறுபடி பொடியும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, ஓரத்தோடு ஓரம் ஒட்டவேண்டும். காஸ் வெல்டிங் மெல்லிய தகட்டை நெளிக்கும். மிக் வெல்டிங் உள்ள ஆளைத் தேடுங்கள், தூரமென்றாலும். குறுக்குப் பெட்டியில் கை வைக்கமுன் முறுக்குக் கம்பிகளின் இறுக்கத்தை எடுத்துவிடவேண்டும். கழற்றும்போது இடம், வலம் என்று அடையாளம் வையுங்கள். ஒரு பக்கம் முறுகிப் பழகின கம்பியை மற்றப் பக்கம் போடக்கூடாது.

கம்பிகள் இறங்கியிருக்கும்போது சேர்த்து முடிக்கவேண்டிய வேலை இரண்டு உண்டு. நான் சேர்த்துச் செய்யாததால் கூலி இரண்டு தரம் கொடுத்தேன். ஒன்று பிறேக் மாஸ்ரர் சிலிண்டர். மொறிஸ் மைனரில் அது சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே, வலப்பக்கக் காலுக்குள் ஒளிந்திருக்கும். ஒயில் விடும் மூடியே கம்பளத்துக்குக் கீழேதான். அதைப் பிடித்திருக்கும் இரண்டு நீள போல்ட்டுகளை வெளியே இழுக்க முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். கம்பியை இறக்காமல் அவை வராது. திருப்பிப் பூட்டும்போது போல்ட்டுகளை மறுபக்கத்திலிருந்து விட்டு நட்டைக் கம்பிப் பக்கம் வைத்தால் அடுத்த தரம் இந்தச் சங்கடம் இல்லை.

மற்றது முன் சில்லைத் தாங்கும் திருகு மூட்டு, றனியன் என்பார்கள். இந்தக் காரில் உயிர் போகக்கூடிய இடம் இதுதான். நிமிர்ந்த ஒரு ஊசியின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் திருகு வெட்டியிருக்கும், அந்தத் திருகிலேயே சில்லு திரும்புகிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் திருகுப் பல் தேய்ந்து, ஒருநாள் சந்தியில் மெதுவாகத் திருப்பும்போது கழன்று, சில்லு மட்கார்டுக்குள் மடிந்துவிடும். சோதிக்க, சில்லு தரையில் படாமல் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு ரயரின் கீழே ஒரு கடப்பாரை வைத்து நேராக மேலே தூக்குங்கள். மேல்நோக்கி அசைவு தெரிந்தால் மாற்றவேண்டியதுதான், யோசனைக்கு இடமில்லை. இடப்பக்கத் திருகும் வலப்பக்கத் திருகும் எதிரெதிர்த் திசை, ஆகவே ஓடர் கொடுக்கும்போது பக்கத்தைச் சரியாகச் சொல்லுங்கள். பிறகு ஆயிரம் மைலுக்கு, அதாவது 1,600 கி.மீ.க்கு ஒருதரம் கிறீஸ் அடிக்கவேண்டும். அடிக்கும்போதும் சில்லு தொங்கிக்கொண்டிருக்கவேண்டும். தரையில் நின்றால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது.

பிறேக்கில் மிச்சம் பிடிக்கவேண்டாம். நாலு சில்லுக்கும் ஒரே குழாய்த் தொடர். ஒரு இடத்தில் கசிந்தாலும் மிதி முழுக்கக் கீழே போகும், அப்போது உள்ளது கைப்பிறேக் மட்டும். மாஸ்ரர் சிலிண்டர், முன் சில்லுக்கு இரண்டு என்று நாலு சில்லுச் சிலிண்டர், பின்னால் இரண்டு, றப்பர்க் குழாய்கள், பதினாறில் மூன்று பங்கு அங்குலக் குழாய் எல்லாம் புதிதாகப் போட்டேன். லண்டனிலிருந்து வந்த உறவினர் சூட்கேசில் கொண்டுவந்தார்கள். சிலிண்டர், சீல், றனியன், எஞ்சின் பெயாரிங் எல்லாம் சிறிது, பாரமும் கையில் அடங்கும். தகட்டுச் சாமானை மட்டும் இங்கே வளைத்துச் செய்விப்பது மலிவு. டொட் 4 பிறேக் ஒயில் தவிர வேறு எதுவும் விடாதீர்கள். எஞ்சின் ஒயில் ஒரு துளி கலந்தாலும் சீல் ஊதிப் பிறேக் பிடித்தபடியே நிற்கும். பிறேக் சரிசெய்யும் திருகு முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்னுக்கு ஒவ்வொன்று. சில்லு இறுகும்வரை திருகி, சுதந்திரமாகச் சுற்றும்வரை மட்டும் பின்னால் விடவேண்டும். முன்னால் இரண்டில் ஒன்றை மறந்தால் கார் ஒருபக்கம் இழுக்கும்.

எஞ்சினுக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர விடாதபோது, எங்கள் ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, சூடேறினபின் மண்ணெண்ணெய். அந்த அழுத்தம் குறைந்த எஞ்சின்கள் அதைத் தாங்கினபடியால்தான் எத்தனையோ நோயாளி ஆஸ்பத்திரி சேர்ந்தார். ஆனால் மண்ணெண்ணெய் முழுக்க ஆவியாவதில்லை. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் அளக்கும் கம்பியில் மட்டம் குறையாமல் கூடும். பார்க்கிறவருக்குச் சந்தோசம், பெயாரிங்குக்குச் சாவு. அந்தக் காலத்தில் ஓடின கார் என்றால், சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும்.

திறக்கமுன் அழுத்தமானியால் அளந்து பாருங்கள். எஞ்சின் சூடாக, பிளக் நாலும் கழற்றி, அக்சிலறேற்றர் முழுக்க மிதித்தபடி. எனக்கு வந்தது சதுர அங்குலத்துக்கு 85, 90, 60, 85 இறாத்தல். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தபோது மூன்று ஏறின: றிங்கும் சிலிண்டர்ச் சுவரும் தேய்வு. 60 ஏறவில்லை: அது வால்வு. மலிவாக முடிக்க றிங் மட்டும் மாற்றினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். தேய்ந்த சிலிண்டரின் மேல்விளிம்பில் தேயாத ஒரு வரம்பு நிற்கும், புது றிங் அதில் இடித்து உடையும். விரல் நகம் அதில் தடக்கினால் லேத்தில் கடையத்தான் வேண்டும். இங்கேயும் எனக்கு வரிசை பிழைத்தது. பிஸ்ரன் வாங்கமுன் 30 அளவுக்கு, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு பெரிதாக, கடைந்தோம். 30 அளவில் பிஸ்ரன் எங்கும் கிடைக்கவில்லை. 40க்கு மறுபடி கடைந்து 35,000 ரூபா அநியாயம். பிஸ்ரன் கைக்கு வந்து, லேத்காரர் அதை அளந்த பிறகுதான் கடையவேண்டும்.

சிலிண்டர் ஹெட் லேத்தில் இருக்கும்போதே, புகை போகும் வால்வுகளுக்குக் கடின இருக்கை வளையம் போடுவியுங்கள். இப்போதைய பெற்றோலில் ஈயம் இல்லை, பழைய இரும்பு இருக்கை மெல்ல மெல்ல உள்ளே அமிழும். ஹெட் கழன்றிருக்கும்போது மாற்றியே ஆகவேண்டிய இன்னொன்று, தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள விரல்நீள றப்பர்க் குழாய். சில நூறு ரூபாச் சாமான். பிறகு அது வெடித்தால் பம்பையோ ஹெட்டையோ கழற்றாமல் கை போகாது. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று சுற்றாக 40 இறாத்தல் அடி வரை இறுக்கவேண்டும். வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கையில் 0.012 அங்குலம். எட்டு வால்வு, கூட்டுத்தொகை ஒன்பது என்று நினைவு வையுங்கள். எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதை அளப்பது, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது, அப்படியே. பிளக் இடைவெளி 0.025, பொயின்ற் 0.015 அங்குலம். ஒயில் 20டபிள்யூ-50, ஏறக்குறைய 3.7 லீற்றர்.

தண்ணீர் விஷயத்தை எங்கள் ஊரில் தனியாகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லில் ஊறினது. கேத்தலில் படிகிற அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரிலும் புளொக்கிலும் படியும். கடைசிச் சிலிண்டரின் பின்னால்தான் ஆகக் கூடுதல் அடையும். புளொக்கின் பக்கத்திலுள்ள அடைப்புத் தகடுகளைக் கழற்றிக் கம்பியால் சுரண்டினபோது ஒரு சிரட்டை நிறையச் சேறும் கல்லும் வந்தது. புதுப் பிஸ்ரன் போட்டுவிட்டு இதை விட்டால் எஞ்சின் கொதித்து ஹெட் வளையும். மழைநீர் அல்லது வடித்த நீரோடு கூலன்ற் மட்டும் விடுங்கள். வெக்கைக்கு நல்லதென்று தேமொஸ்ராற்றைக் கழற்றி எறிகிற பழக்கத்தை விடவேண்டும். 74 பாகையில் திறப்பதைப் போட்டால் போதும்.

மின்சாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் காரில் போடியோடு சேர்வது பற்றறியின் நேர்முனை. இப்போதைய கார்களில் பழகின கை எதிர்முனையைப் போடியில் பூட்டிவிடும். என் காரில் அப்படிப் பூட்டி, டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகி 18,000 போனது. பற்றறிக்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் கொயில் வயர்கள் இரண்டையும் இடம்மாற்றி, டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, போடியோடு சேராத பற்றறி முனையிலிருந்து ஒரு வயரை டைனமோவின் எஃப் முனையில் ஓரிரு செக்கன் தொடவேண்டும். காரில் உள்ளது இரண்டே இரண்டு பியூஸ், ஹெட்லைற்றுக்கு ஒன்றும் இல்லை. துணி சுற்றின பழைய வயரை மாற்றும்போது அதற்குத் தனிப் பியூஸ் வையுங்கள். கதவுத்தூணில் எழும்புகிற கைகாட்டியை அழகுக்கு வைத்துக்கொண்டு, மினுங்கும் சிக்னலும் போடுங்கள். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரப் பெடியனுக்குக் கைகாட்டி என்னவென்றே தெரியாது.

எஸ்.யூ. காபரேற்றரைச் சரிபார்க்க, சூடான எஞ்சின் ஓடும்போது பக்கத்திலுள்ள சிறு ஊசியால் உள் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. எஞ்சின் அணைந்தால் குறைவு. சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியிலுள்ள நட்டை ஒரு தரத்துக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள். மேல்மூடிக்குள் எஸ்.ஏ.ஈ. 20 ஒயில் விடவேண்டும். முதல் புகைப் பரிசோதனையில் தவறினது இந்த நட்டு இரண்டு முகம் கூட இறங்கியிருந்ததால்தான். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கையில் வந்தபிறகே வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். பல வருடம் எடுக்காமல் விட்ட காரென்றால் நிலுவையும் தண்டமும் எவ்வளவு வரும் என்பதை வாங்கமுன்னமே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். விலை பேசும்போது அது உதவும்.

ரயருக்கு 155/80ஆர்14 பொருந்தும். பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்: முதல் இரண்டு கிழமை, கடைசி இரண்டு வருடம். பூ நிறைய இருந்தாலும் பத்து வருடம் கடையில் கிடந்த ரயர் வெக்கையில் பிளக்கும். முதல் 800 கி.மீ. மணிக்கு 70ஐத் தாண்டாமல், ஒரே வேகத்தில் வைத்திருக்காமல் ஓட்டினேன். முதல் பயணம் பருத்தித்துறைக்கு. இருபது நிமிடம் ஓட்டி, பிறேக் அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, நாலு சில்லின் நடுவையும் கையால் தொட்டுப் பார்த்தேன். பின் இடது மட்டும் சுட்டது. கைப்பிறேக் கேபிள் இறுக்கம். ஒரு நட்டுத் தளர்த்த அது ஆறியது. 500ஆவது கிலோமீற்றரில் ஹெட்டை ஆறவிட்டு மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளி பார்த்து, ஒயில் மாற்றினேன். வடிந்த ஒயிலில் காந்தம் விட்டபோது மெல்லிய தூள் மட்டும் ஒட்டியது. அடியில் ஒட்டின இடமெல்லாம் மறுபடி குத்திப் பார்த்து, கதவு இடைவெளியை முதல்நாள் போடியில் எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டேன். ஒரு மில்லிமீற்றர்தான் வித்தியாசம். அதற்கு அடுத்த திங்கட்கிழமை கார் இரண்டாந்தரம் பெயின்றுக்குப் போனது.